பிரம்பு போச்சு, அவமானம் போகல

"அந்தக் காலத்துல வாத்தியார் அடிச்சாரு, அதனாலதான் நாங்க உருப்பட்டோம்"னு பெரியவங்க சொல்றப்ப எல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும், எதுக்கு அடிச்சாருன்னு ஞாபகம் இருக்கா? எங்கப்பா கிட்ட ஒருநாள் கேட்டே விட்டேன். எந்தக் கையில அடி விழுந்துச்சுன்னு அவருக்கு ஞாபகம் இருக்கு, அடிக்கறதுக்கு முன்னாடி வாத்தியார் வாட்ச்சைக் கழட்டி மேஜை மேல வைப்பாராம், அந்த சத்தம் கேட்டாலே மொத்த கிளாஸும் மூச்சைப் பிடிச்சுக்குமாம், எல்லாத்தையும் நேத்து நடந்த மாதிரி சொல்றாரு. என்ன தப்பு பண்ணாருன்னு மட்டும் சொல்லத் தெரியல. திருத்தறதுக்குத்தானே அடிச்சாங்க, தப்பு மறந்து போயி அடி மட்டும் மனசுல நிக்குதுன்னா அந்த அடி என்னத்த திருத்துச்சு?

அடிக்கக் கூடாதுங்கறது ஏதோ இந்தத் தலைமுறைக்குக் குடுத்த செல்லம்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. ஜப்பான்ல 1947-லயே பள்ளிக்கூட சட்டத்துல அடிக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க, அதுக்கப்புறமும் அங்க ரொம்ப வருஷம் அடி நடந்துச்சுங்கறது வேற விஷயம். 1976-ல ஸ்காட்லாந்துல ஒரு பையன், ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போறப்ப போகக் கூடாத குறுக்கு வழியில, ஒரு கல்லறைத் தோட்டம் வழியா போகப் பார்த்தான், அதுக்கு தோல் வார் அடின்னாங்க, அவன் வாங்கிக்க மாட்டேன்னுட்டான், அப்பாவும் அம்மாவும் அவன் பக்கம் நின்னாங்க, ஸ்கூல் அவனை சஸ்பெண்ட் பண்ணுச்சு. அவன் அம்மாவும் இன்னொரு அம்மாவும் போட்ட கேஸ் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயி 1982-ல ஜெயிச்சுது. அப்புறம் 1986-ல பிரிட்டன் பார்லிமென்ட்ல அரசுப் பள்ளிகள்ல அடியை நிறுத்தற ஓட்டெடுப்பு வந்தப்ப, மக்களவையில 231-க்கு 230, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்! பெரியவங்க கூடிப் பேசி ஒரு மனசா எடுத்த முடிவெல்லாம் இல்ல அது, இழுபறிதான்.

அமெரிக்கா கதை இன்னும் மோசம். ஃபுளோரிடாவுல டீச்சர் சொன்னதை உடனே செய்யாத ஒரு பையனைக் கட்டையால இருபது அடிக்கு மேல அடிச்சு, ரத்தம் கட்டி டாக்டர் கிட்ட போற அளவுக்கு ஆயிடுச்சு. 1977-ல அங்க உச்ச நீதிமன்றம் சொன்னது என்னன்னா, கொடூர தண்டனையில இருந்து பாதுகாப்புங்கற அரசியல் சட்டப் பிரிவு குற்றவாளிங்களுக்குத்தான், ஸ்கூல் பசங்களுக்கு இல்லன்னு. ஜெயில்ல இருக்கறவனை அடிக்கக் கூடாது, வகுப்புல இருக்கற புள்ளைய அடிக்கலாம். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

நம்ம கல்வி உரிமைச் சட்டம் 2009, அதுல 17-வது பிரிவு. அடிக்கக் கூடாதுன்னு மட்டும் அது சொல்லல, மனசளவுல துன்புறுத்தவும் கூடாதுன்னு ஒரே வரியில சேர்த்துத்தான் சொல்லுது. முதல் பாதி எல்லாருக்கும் தெரியும், ரெண்டாவது பாதியை யாரும் பேசறதே இல்ல, எனக்கு இருக்கற கவலையே அதுதான்.

ஏன்னா எங்க காலத்துலயே பிரம்பு குறைஞ்சிடுச்சு, ஆனா பேப்பர் திருத்திக் குடுக்கறப்ப மார்க்கை மேல இருந்து கீழ வரைக்கும் சத்தமா படிப்பாங்க, கடைசியா பேரு வர்ற பசங்க தலையை நிமிர்த்தவே மாட்டாங்க. இப்ப என் பொண்ணு காலத்துல ஹோம்வொர்க் முடிக்காதவங்க லிஸ்டை போட்டோ எடுத்து பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடறாங்க. அதுல எவ பேரு இருக்குன்னு எல்லா வீட்டுலயும் பேச்சு, மறுநாள் மத்த புள்ளைங்க வந்து "உன் பேரு வந்துச்சாமே"ன்னு கேக்குதுங்க. முன்னாடி அவமானம் அந்த நாலு சுவருக்குள்ள, பீரியட் முடிஞ்சா முடிஞ்சுது. இப்ப ஃபோன்லயே உக்காந்திருக்கு.

டீச்சர் கிட்ட தனியா பேசினேன். அவங்க மேல கோபமாதான் போனேன், பேசினதுக்கு அப்புறம் அது இல்ல. "கை ஓங்காதீங்கன்னு சொன்னாங்க, சரி, அதுக்குப் பதிலா என்ன பண்ணணும்னு யாருமே சொல்லித் தரலீங்க, இத்தனை புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. இப்ப லிஸ்டை நிறுத்திட்டு அவங்கவங்க வீட்டுக்குத் தனியா மெசேஜ் அனுப்பறாங்க.

அதே ஸ்கூல்ல இன்னொரு டீச்சர் இருக்காங்க. ஒரு பையன் கோபத்துல பக்கத்து பையனோட நோட்டைக் கிழிச்சுட்டான். அவங்க கத்தல, முட்டி போட வைக்கல, லஞ்ச் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு செல்லோடேப் குடுத்துட்டாங்க. இவன் கிழிஞ்ச பக்கத்தைப் பிடிச்சுக்க அவன் ஒட்ட, ஒட்ட முடியாத பக்கங்களை கிழிச்சவனே உக்காந்து எழுதிக் குடுத்தான். எதுக்கு எழுதினேன்னு அவனைக் கேட்டா இன்னிக்கும் டக்குன்னு சொல்றான்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல மார்க் பத்தி கேக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் கேக்கப் போறேன், என் பொண்ணு தப்பு பண்ணா அதை யார் முன்னாடி சொல்வீங்க, அதை சரி பண்ண அவளுக்கு என்ன வாய்ப்பு குடுப்பீங்க? கூடவே, டீச்சருங்களுக்கு இதுக்குன்னு ட்ரெய்னிங் எப்ப குடுப்பீங்கன்னு நிர்வாகத்தையும் கேக்கணும். நீங்களும் உங்க புள்ளைங்க ஸ்கூல்ல கேளுங்க.