ஐந்தைந்து எழுத்துகளாக ஓர் அட்டை

சேலம் அம்மாபேட்டையில் நெசவாளர்களுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவனுக்கு அமெரிக்க ஆய்விதழால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அமெரிக்க ஆப்டோமெட்ரி (பார்வையை அளந்து கண்ணாடி எழுதும் துறை) அகாடமியின் ‘ஆப்டோமெட்ரி அண்ட் விஷன் சயின்ஸ்’ 1924 முதல் வெளிவருகிறது. பெயர் பலமுறை மாறி, இன்றைய பெயர் 1989இல் வந்தது. அதில் வருவனவற்றுள் பாதிக்கு மேல் என் மேசைக்கு எட்டாத சங்கதிகள்தாம். ஆனாலும் 1976இல் இயன் பெய்லியும் ஜான் லவியும் அதில் எழுதிய கட்டுரை ஒன்றுக்காகவே இவ்விதழ் இத்தனை காலம் நடந்தது தகும் என்பேன்.

அவர்கள் புதிய நோயையோ மருந்தையோ கண்டறியவில்லை. கண் பரிசோதனை அட்டையில் எழுத்துகளை எப்படி அடுக்குவது என்று மட்டுமே யோசித்தார்கள். 1862இல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்த முறையில் வந்த, நம் ஊர்க் கடைகளில் இன்றும் தொங்கும் அட்டையில் மேல் வரிக்கு ஒரே எழுத்து, அடுத்ததற்கு இரண்டு. பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்கள் முறை வருவதற்குள் அந்த முதல் எழுத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய குறை, 6/60க்கு (நல்ல பார்வையுள்ளவர் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது என்ற அளவு) அடுத்த படி நேராக 6/36 என்பது. கண்புரை முற்றிவரும் ஒரு பெரியவருக்குச் சில மாதங்களில் பார்வை எவ்வளவு குறைந்தது என்பதை அந்த இடைவெளிக்குள் அளக்கவே முடியாது.

பெய்லியும் லவியும் எல்லா வரியிலும் ஐந்தைந்து எழுத்துகள் வைத்தார்கள். எழுத்துகளுக்கிடையே ஓர் எழுத்தின் அகலம், வரிகளுக்கிடையே கீழ் வரி எழுத்தின் உயரம் என இடைவெளியும் அளவோடு சுருங்கியது. ஒவ்வொரு வரியும் அடுத்ததைவிட ஏறத்தாழ 1.26 மடங்கு பெரியது என்பதால், மூன்று வரி இறங்கினால் எழுத்து பாதியாகிவிடும். இதன் அருமை சிறிய அறையில்தான் தெரியும்: ஆறு மீட்டருக்கென வரைந்த அட்டையை மூன்று மீட்டரில் வைத்தாலும் கணக்கு சரியாக மூன்று வரி நகர்வதோடு முடிந்துவிடுகிறது. ஒரு வரிக்கு 0.1, ஓர் எழுத்துக்கு 0.02 என்று மதிப்பெண் இடுவதால் ஒரே எழுத்து தவறினாலும் அது குறிப்பில் ஏறும். 6/6 பார்வைக்குச் சுழியம், 6/60க்கு ஒன்று என எண் ஏற ஏறப் பார்வை குறைவு என்பதுதான் இதன் ஒரே தொல்லை. மதிப்பெண் கூடினால் மகிழும் நம்மவர்களிடம் அதை நான் சொல்வதே இல்லை.

இம்முறையில் அமைந்த தமிழ் எழுத்து அட்டையைப் பற்றிய ஆய்வு 2009இல் வேறோர் ஆய்விதழில் வெளியானது. ஆங்கில எழுத்தறியாத பெரியவர்களிடம் ‘E’ வடிவம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் திசை காட்டச் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு அது பெரும் வரவு.

கிட்டப் படிப்பதற்கும் அதே இருவர் 1980இல், அதே இதழில், ஒன்றோடொன்று பொருள் தொடர்பில்லாத சொற்களால் ஓர் அட்டை தந்தார்கள். முன்சொல்லை வைத்துப் பின்சொல்லை ஊகிக்க இடமில்லை. ஆயினும் வெள்ளெழுத்து வந்த தறிக்காரர் நாள் முழுவதும் பார்ப்பது இழையைத்தான், சொல்லை அல்ல. ஆகவே அந்த அட்டையைப் படித்து முடித்ததும், தறியில் உட்காரும் வாக்கில் அவரை உட்காரவைத்து, கண்ணிலிருந்து துணிவரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்த பிறகே பவர் எழுதுகிறேன்.