எண்ணம் வேறு, முடிவு வேறு

செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் சில வேளைகளில் வருகிறது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும் என்பதால் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன்: எண்ணம் வருவது வேறு, முடிவெடுப்பது வேறு, இரண்டுக்கும் நடுவே நிறைய இடமிருக்கிறது, அந்த இடத்தில்தான் நான் சில ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததில் எங்கள் மரங்களும் போயின. அதனால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடனும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்ற கவலையும் உண்மைதான். ஆனால் என்னைவிட அதிகம் இழந்தவர்கள் இந்த நினைப்பே இல்லாமல் மறுநடவு செய்தார்கள். எனக்கோ புயலுக்கு முன்பே உறக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தது. ஒரு காரணத்தை மட்டும் சுட்டினால் மற்றவற்றுக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை.

என்னிடம் நேராகக் கேட்டவர் அண்ணி ஒருவர்தான். வாசலில் கீற்று முடைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலேயே, "தம்பி, செத்துப்போயிரலாம்னு தோணுதா?" என்றார். ஆமாம் என்றதும் பாதி முடைந்த கீற்றை ஒதுக்கிவிட்டு, "சரி, சொல்லுங்க" என்று உட்கார்ந்தார். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. "புள்ளைகள நெனச்சுப் பாரு" என்றவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் கூடுதல் குற்றவுணர்வு. (நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள்.)

அண்ணிதான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், எண்ணம் நெடுநாள் நீடித்தாலும் அதன் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். அந்த நேரத்தைக் கடத்துவதற்காக ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்: எந்த அறிகுறி தெரிந்தால் தனியாக இருக்கக்கூடாது, யார் வீட்டுக்குப் போவது, யாரை அழைப்பது. வயலுக்கு வாங்கும் மருந்தை எங்கள் வீட்டில் வைப்பதில்லை என்பதும் அதில் உண்டு. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்ததற்கும், அந்த உச்சம் தணியும்வரை மருந்து கைக்கெட்டாமல் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை.

வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. எண்ணத்தைச் சொல்வது என்றுமே குற்றமாக இருந்ததில்லை. முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

எண்ணம் முற்றிலும் ஒழிந்தால்தான் குணம் என்று நான் காத்திருக்கவில்லை. சம்பா நாற்றங்காலுக்குப் பணம் புரட்ட வேண்டுமே என்ற கவலை, எல்லாருக்கும் இருக்கும் சாதாரணக் கவலையாக எனக்கும் தெரியத் தொடங்கியபோதே தேறிவருகிறேன் என்று புரிந்தது. அண்ணியை எழுப்பத் தயங்கும் இரவுகளுக்கென்று அந்தத் தாளின் கடைசி வரியில் 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண், இருக்கிறது. அழைப்புக்குக் கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.