முதலில் அவருக்கு ஒரு டெஸ்ட்: குழந்தைக்காகக் காத்திருந்த எங்கள் அனுபவம்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். "விசேஷம் ஏதும் உண்டாத்தா?" என்று பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில்கூடக் கேட்பார்கள். வளைகாப்பு வீட்டில் சந்தனம் பூச நம்மை முன்னால் கூப்பிட மாட்டார்கள். கேள்வி எல்லாம் என்னிடம்தான் வந்தது. என் வீட்டுக்காரரிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொண்ணுக்கு எடுக்கிற அதே வாரத்தில் மாப்பிள்ளைக்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். அவர் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தால் நடுராத்திரி வரை கல்லுக்கு முன்னால்தான் நிற்பார். எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது, சில சமயம் ஒன்றரை மாசம்கூட இழுக்கும். அதனால் குறை என்னிடம்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். முதலில் போன ஒரு தனியார் மையத்தில் அவருக்கு ஒரு டெஸ்டும் எடுக்கவில்லை, நேராகச் சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். டாக்டரம்மா என் பழைய ஸ்கேனைப் புரட்டிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார். வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்றேன். "அவரையும் உள்ள கூப்பிடுங்க." குழந்தை தள்ளிப்போகிற ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்குமாம்.

"நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்று வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நானும் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கல? உங்களுக்கு ஊசியே கிடையாது" என்றேன். அதற்கப்புறம் சம்மதித்தார்.

விந்து பரிசோதனையைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். அதற்கு முன் குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் சேராமல் இருக்க வேண்டும். லேபிலேயே ஒரு தனி அறை உண்டு. இவருக்கு அங்கே கூச்சம். அதனால் டப்பாவை வீட்டுக்கு வாங்கி வந்தோம். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு போய்க் கொடுத்துவிட வேண்டும், சூடும் படக்கூடாது, குளிர்ச்சியும் படக்கூடாது. மூடியை இறுக்கி, பனியனுக்குள் உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கே தப்பாகிவிடும்.

எண்ணிக்கையும் ஓட்டமும் இரண்டுமே குறைவு என்று வந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுப்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அதில் 42 சதவீதம் அசைவு என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். ஆண்கள் டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கவில்லை என்றார். அடுத்து வேலையைப் பற்றிக் கேட்டார். விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு நன்றாக உற்பத்தியாகும். இவரோ இறுக்கமான ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அனலில் நிற்கிறார், போதாததற்குப் புகையிலைப் பாக்கு வேறு.

கடை அவருடைய சித்தப்பாவுடையது. விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லுக்கு வேறு ஆள் போட்டு, இவரை மாவு பிசைகிற பக்கமும் கல்லாவிலும் நிறுத்திவிட்டார். பாக்கை விடத்தான் ரொம்பவும் கஷ்டப்பட்டார். ஒரு அணு முழுசாக உருவாக ஏறக்குறைய இரண்டரை மாசம் ஆகும், அதனால் மூன்று மாசம் கழித்துத்தான் மறு டெஸ்ட் என்றார்கள். நடுவில் ரிப்போர்ட் பார்க்க ஆசைப்பட்டுப் பிரயோஜனமில்லை.

என் பக்கம் தைராய்டும் நீர்க்கட்டியும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும். ஃபோலிக் மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பிருந்தே போட வேண்டும், குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கத்தான் அது. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வர வாய்ப்புண்டு என்றார்கள். விடியற்காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். மெல்ல மெல்லச் சரியானது.

முட்டை வெளிவரும் நாளுக்கு எல்லாரும் சொல்கிற பதினாலாம் நாள் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. அடுத்த மாதவிலக்கு வரும் தேதியிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய 14 நாள் எண்ண வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை வந்தால்தான் 14ஆம் நாள், 35 நாள் என்றால் 21ஆம் நாள் பக்கம். முட்டை வெளிவந்தால் ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணு உள்ளே 5 நாள் வரை தாங்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். முட்டை வரும் நாளைக் காட்டுவதற்கென்று மெடிக்கலில் கிடைக்கிற எல்ஹெச் கிட் நீர்க்கட்டி உள்ளவர்களுக்குச் சில சமயம் பொய்யாகவே இரட்டைக் கோடு காட்டும். எனக்கு உதவியது வெள்ளைப்படுதலைக் கவனித்ததுதான். முட்டையின் வெள்ளைக்கருபோல் விரலில் இழுபட்டால் அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும். எச்சில் அணுவின் ஓட்டத்தைக் கெடுக்கும், அப்போது வேண்டாம்.

ஐப்பசியில் மறு ரிப்போர்ட் வந்தது, இரண்டு எண்ணுமே எல்லையைத் தாண்டியிருந்தன. அதே சமயத்தில் கந்த சஷ்டி. திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி ஆறு நாள் விரதம் இருக்க வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் வேண்டுதல். விரதமும் நாங்கள் சேர வேண்டிய நாட்களும் ஒன்றாக வந்து நின்றன. சொல்வதா வேண்டாமா என்று தவித்து, அடுப்படியில் வைத்து மெல்லச் சொன்னேன். அத்தை அரிசி களைவதை நிறுத்தாமலே, "நீ வீட்டுல இரு ஆத்தா. உனக்காக நான் இருக்கேன் விரதம். முருகன் கணக்குப் பாக்க மாட்டான்" என்றார்கள். ஆறு நாளும் கோயிலிலேயே தங்கிவிட்டார்கள். எங்களுக்குத் தனிமை கிடைக்கட்டும் என்றுதான் தங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த மாசம் கரு தங்கவில்லை. தையில் நாள் தள்ளிப்போனது. இப்போது ஐந்தாம் மாசம்.

உசிலம்பட்டியில் இருக்கிற என் நாத்தனாருக்கு வயது 36. 35 தாண்டியவர்கள் ஒரு வருஷம் காத்திருக்கக் கூடாது, ஆறு மாசத்திலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கருக்குழாய் அடைத்திருந்தால் எந்த நாள் கணக்கும் உதவாது. போன வாரம் அவள் வீட்டுக்காரர் தானாகவே லேபுக்குப் போய் வந்தார், ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. அவளுக்கு அடுத்ததாகக் குழாய் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.