அப்பா அடம்பிடிக்கவில்லை: இரைப்பை ஸ்கேனுக்கு அலைந்த கதை

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். வயிற்றில் கட்டி எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, முதல் பத்து வாரங்கள் அவருடைய வயிற்றைப் பற்றி மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாவது கரண்டியிலேயே தட்டை நகர்த்திவிடுவார். அம்மா கெஞ்சுவார், நான் கோபப்படுவேன். மேல்வயிற்றில் கையை வைத்து, "கல்லு மாதிரி நிக்குதும்மா" என்று அவர் சொன்னதைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். காலையில் சாப்பிட்டது மாலை ஏப்பத்தில் வந்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. அந்த நாட்களில் அவரிடம் பேசிய பேச்சு இன்னும் என்னை உறுத்துகிறது.

உடல் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தும், எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. புறநோயாளி கோப்பில் எடைக்கான கட்டம் ஒவ்வொரு முறையும் காலியாகவே இருந்தது. ஆனால் கீமோ மருந்தின் அளவைக் கணக்கிட ஒவ்வொரு சுற்றுக்கும் எடை பார்த்திருப்பார்களே என்று கேட்டுப் பதிவறைக்குப் போனால், அந்தத் தாள் வேறு பிரிவுக்கு உரியது, எழுத்து மூலம் விண்ணப்பித்தால் ஒரு வாரம் ஆகும் என்று எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார். அன்று அரை நாள் வீணானது. மறுநாள் கீமோ பிரிவின் செவிலியர் ஒருவர், கேட்ட மாத்திரத்தில் தாளை எடுத்துக் காட்டினார். நான்கு எடைகளையும் தேதியோடு ஒரே காகிதத்தில் எழுதிக்கொண்டேன். 64 கிலோவிலிருந்து 58 கிலோ, நான்கு மாதங்களில். ஆறு மாதங்களில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடை இறங்கினாலே அதைப் புற்றுநோய் சார்ந்த உடல் நலிவாகக் கொள்ளலாம் என்று 2011-இல் வந்த பன்னாட்டு ஒருமித்த வரையறை சொல்கிறது. அப்பா ஒன்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தார். அந்த ஒரு காகிதத்தை மேசையில் வைத்த பிறகுதான் மருத்துவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அடைப்பு ஏதும் உண்டா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி செய்தார்கள். அடைப்பு இல்லை. ஆனால் முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடந்தவரின் இரைப்பையில் முந்தைய நாள் உணவு கிடந்தது. திரையில் மங்கிய மஞ்சளாக அது அசையாமல் தேங்கியிருந்ததை நானே பார்த்தேன். பத்து வாரங்களாக அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

கட்டி நுரையீரலில் இருந்தாலும் அதைச் சுற்றி எழும் அழற்சி உடல் முழுவதும் பரவுகிறது என்று மருத்துவர் விளக்கினார். இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் பசியை அடக்கும்போதே தசையையும் கரைக்கின்றன. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் மூளைத்தண்டில் வேலை செய்து குமட்டலை உண்டாக்குகிறது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பு உள்ளிட்ட தன்னியக்க நரம்புகள் தளர்ந்தால் இரைப்பை உணவை அரைத்துக் கீழே தள்ளும் வேகம் குறைந்துவிடும். அதன் மேல் வலிக்குக் கொடுக்கும் மார்பின் குடல் முழுவதையும் மந்தமாக்குகிறது. இத்தனையும் சேர்ந்த ஒருவரிடம் "இன்னும் ஒரு வாய்" என்று திணித்தால் குமட்டல்தான் கூடும். வெறும் உணவை அதிகமாக்கி இந்த நலிவை முழுதாகத் திருப்பவும் முடியாது.

எவ்வளவு மந்தம் என்று அளக்க, கதிரியக்கப் பொருள் கலந்த சிறிய உணவைக் கொடுத்து அது இரைப்பையை விட்டு இறங்குவதைப் படமெடுக்கும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இங்கேதான் பெரிய அடி. குறித்த நாளில் விடியற்காலையில் அவரை நாற்காலி வண்டியில் அழைத்துப் போனோம். உள்ளே போகும் நேரத்தில், "டோம்பெரிடோன் எப்போது போட்டார்?" என்று கேட்டார்கள். முந்தைய இரவு குமட்டலுக்குப் போட்டிருந்தார். இரைப்பையின் வேகத்தை மாற்றும் மாத்திரைகளை இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமாம். கொடுத்த சீட்டில் 'வெறும் வயிறு' என்று மட்டுமே இருந்தது. சீட்டைக் காட்டி வாதாடினேன். அடுத்த தேதி பத்தொன்பது நாள் கழித்து என்றார்கள். எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனிதரைப் பட்டினியோடு திருப்பி அழைத்து வந்தது, அவர் வண்டியில் ஒரு வார்த்தையும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டது, இரண்டையும் என்னால் மறக்க முடியவில்லை.

எனவே தேதி வாங்கும்போதே எந்தெந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மார்பினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்கு அதைத் தொடரச் சொல்லி, முடிவைப் படிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்வதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இன்னொன்று, ஸ்கேனுக்குக் கொடுக்கும் அந்தச் சிறிய உணவைப் பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மூன்று கரண்டியில் நிறைந்துவிடும் வயிற்றுக்கு அது மலை. இரண்டாம் முறை அப்பா கண்ணில் நீர் வழிய முடித்தார்; அவரைப் பற்றி நான் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறில்லை. நான்கு மணி நேரம் கழித்து வயிற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தங்கினால் தாமதம் என்று பொருள். அவருக்கு 26.

சிகிச்சை என்னவோ எளிதாகத்தான் இருந்தது. வேண்டும்போது மட்டும் போட்ட டோம்பெரிடோனுக்குப் பதிலாக, இரைப்பையை வேகப்படுத்தும் மெட்டோகுளோப்ரமைடை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்தோம்; கை கால் பரபரப்போ தசை இறுக்கமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையோடு, குறைந்த நாட்களுக்கு மட்டும். திட உணவைவிடத் திரவம் எளிதாக இறங்கும் என்பதால், நாளுக்கு ஆறு முறை, சிறு கிண்ணத்தில், அரைத்துக் குழைத்த உணவு. நல்லது என்று நம்பி நான் கொடுத்த நார்ச்சத்தும் கொழுப்பும் இரைப்பையை மேலும் தாமதப்படுத்தும் என்று உணவியல் வல்லுநர் சொன்னபோது வாயடைத்துப் போனேன். சாப்பிட்டதும் படுக்க விடவில்லை.

மலச்சிக்கலையும் கவனியுங்கள். இடையில் நீர்போலக் கசிந்ததை வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதை நிறுத்தும் மாத்திரை கொடுக்க இருந்தேன். உண்மையில் உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி ஒழுகிய நீர் அது. நல்ல வேளையாகத் தொலைபேசியில் கேட்டுவிட்டேன்.

இப்போது மூன்று வாரமாக எடை 57.4-இல் நிற்கிறது. அறிக்கை வாங்கப் போன அன்று, அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். அதிலும் 'வெறும் வயிறு' மட்டுமே எழுதியிருந்தது. அவருடைய பேனாவை வாங்கி, சீட்டின் பின்பக்கத்தில் மாத்திரைகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.