கொட்டையை மட்டும் கொடுத்துடுங்க

ஜன்னல் சீட்டு பலாப்பழத்துக்குத்தான் என்று முடிவானதும் என் பையன் கடலூர் துறைமுகம் ஜங்ஷனே அதிரும்படி அழ ஆரம்பித்தான். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. சீட்டுக்கு அடியில் நான்கு பெட்டி, முறுக்கு டின், நாத்தனார் ஆசையாய்க் கேட்ட நெத்திலிக் கருவாடு என்று ஏற்கெனவே நெரிசல். கருவாடு ஏழு பாலிதீன் கவருக்குள் மூச்சு விடாமல் கிடந்தது. பதினைந்து கிலோ பண்ருட்டிப் பழத்தை வேறு எங்கே வைப்பது? "நீ தாத்தா மடியில உக்காரு கண்ணு, இது உருண்டா உன் கால் போயிடும்" என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அத்தைக்குப் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதில் பெரிய பேர் உண்டு. காதை வைத்து, விரலை மடக்கி இரண்டு தட்டு. டாக்டர் கூட என் நெஞ்சில் அவ்வளவு கவனமாக ஸ்டெதஸ்கோப் வைத்ததில்லை. "இன்னும் ரெண்டு நாள் தாங்கும். பொண்ணு வீட்டுக்குப் போய்தான் பழுக்கும்" என்றார். வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மாமாவுக்கு வேறு கவலை. நான்கு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டதில் மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு கிடைக்கவில்லை. அது தனியாகவோ இரண்டு பேராகவோ போனால்தான் என்பது டிக்கெட் போட்ட என் வீட்டுக்காரருக்குத் தெரியாதாம். பெர்த் நம்பரை எட்டால் வகுத்து, மீதி ஒன்றோ நான்கோ வந்தால் கீழ், இரண்டோ ஐந்தோ வந்தால் நடு என்று மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அத்தைக்கு 33, கீழ். தனக்கு 34, நடு. மறுபடியும் எண்ணினார். அப்போதும் நடுதான் வந்தது.

வண்டி நகர்ந்ததும் அடுத்த புகார். கடலூரிலிருந்து பெங்களூர் வடமேற்கே இருக்கிறது. இந்த வண்டியோ சிதம்பரம், சீர்காழி என்று தெற்கே இறங்கி, மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு சேலம் வந்து, அப்புறம்தான் பெங்களூர் நினைப்பே அதற்கு வரும். மயிலாடுதுறை வரைக்கும் வந்துகொண்டிருந்த மைசூர் வண்டியை 2024-ல் நம் ஊர் வரை நீட்டினார்கள். பழைய பாதையில்தானே வரும்? "நெய்வேலி, விருத்தாசலம் வழியா சேலத்துக்கு லைன் இருக்கா இல்லையா? நேரா விட்டா என்ன கேடு?" என்று மாமா எதிர் சீட்டுக்காரரை விசாரித்தார். அவர் சிதம்பரத்தில் இறங்குகிறவர். பாவம், ஏதோ தன்மேல்தான் தப்பு என்பது போலத் தலையாட்டினார். திருவண்ணாமலை வழியாக பஸ்ஸில் போயிருந்தால் பாதி தூரம்தான் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் வேண்டாம், முட்டி மடக்க முடியாது என்று அடம் பிடித்ததே மாமாதான்.

சீர்காழி தாண்டியதும் பழம் மணக்க ஆரம்பித்தது. வெயிலில் கொதித்த பெட்டி, ஜன்னலோரச் சூடு, எல்லாம் சேர்ந்து ரெண்டு நாள் வேலையை ரெண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டன. மயிலாடுதுறையில் ஏறியவர்கள் பெர்த் நம்பர் பார்ப்பதற்கு முன்னால் எங்களைப் பார்த்தார்கள். பாத்ரூம் போகிற சாக்கில் எஸ் 2-விலிருந்தெல்லாம் ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண சமையல் கோஷ்டி ஏறியது. கரண்டி, சாரணி, அண்டா சகிதம். அதில் பெரியவர் எங்கள் சீட் அருகில் வந்து நின்று, கண்ணை மூடி ஒரு முறை மூச்சை இழுத்தார். "அம்மா, இது பெங்களூர் போகாது. சேலத்துல வெடிச்சிடும்."

அத்தை முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. என் வீட்டுக்காரர் மேல் பெர்த்திலிருந்து "அறுத்துடுங்கம்மா" என்றதும் ஒரு முறைப்பு முறைத்தார். தஞ்சாவூர் வரை மௌனம். திருச்சி போனதும் பழத்தில் லேசாக ஒரு கீறல் விட்டிருந்தது. "சரி, ஆனா கொட்டையை மட்டும் திருப்பிக் குடுத்துடணும்" என்றார்.

அந்தப் பெரியவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். கீழே பேப்பர் விரித்து, கத்தியிலும் முழங்கை வரைக்கும் நல்லெண்ணெய் தடவி, நடுவில் ஒரே வளையமாகக் கீறி, இரண்டு கையாலும் ஒரு திருகு. கழன்று வந்தது. தண்டைச் சீவி, வழிந்த பாலைப் பேப்பரிலேயே ஒற்றியெடுத்து, சடையை விரலால் விலக்கி விலக்கி, கிழியாமல் சுளை சுளையாக எடுத்து அண்டா மூடியில் அடுக்கினார். ஒரு சொட்டுப் பிசின் சீட்டில் ஒட்டவில்லை. நான் வீட்டில் அறுத்தால் கதவுக் கைப்பிடி வரைக்கும் ஒட்டும்.

மூடி பெட்டி முழுக்கப் போனது. பின்னாலேயே அத்தை ஒரு மஞ்சப்பையோடு போனார். மேல் பெர்த்தில் ஹெட்போன் மாட்டியிருந்த பையனைத் தட்டி, "கொட்டை எங்க?" டிடிஆர் ஒரு சுளை எடுத்தார், அவரிடமும் வசூல். வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கன்னடத்து அம்மா ஒருவர், கொட்டையை பாட்டில் தண்ணீரில் அலசி, புடவைத் தலைப்பில் துடைத்து அத்தை கையில் வைத்தார். பெங்களூரில் தன் தெருவிலேயே பலாப்பழத்தை வண்டியில் குவித்து விற்கிறார்கள் என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். அத்தைக்கு அது புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை.

விடியற்காலை பெங்களூர் மெஜஸ்டிக் ஸ்டேஷனில் இறங்கி, வீடு போய்ச் சேர்ந்தபோது கையில் கொட்டைப் பையும் கருவாடும்தான். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டையைப் பார்த்ததும் கருவாட்டுக் குழம்புக்குப் புளி ஊற வைத்துவிட்டாள். அத்தை மட்டும், பழம் அமுதம், பழம் தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா தொடவே இல்லடி. சுகர் இருக்கே, நான் மூடியைக் காட்டவே இல்ல. நல்ல பிள்ளையாட்டம் போர்த்திக்கிட்டுத் தூங்கினாரு."

நாத்தனார் துணிகளை வாஷிங் மெஷினில் போடுமுன் மாமாவின் சட்டையை உதறினாள். பையிலிருந்து தரையில் உருண்டன, பலாக்கொட்டைகள். ஆறு. கசங்கிய டிக்கெட் ஒன்று அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்று பெண்களும் மாமாவைப் பார்த்தோம். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த வண்டியை மட்டும் விருத்தாசலம் வழியா விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.