முந்தைய தொழில்

2007-இல் என்னை மிஸோரம் தலைநகர் ஐஸாலில் உள்ள எங்கள் வங்கிக் கிளைக்கு மாற்றினார்கள். "சண்டை நடக்கிற ஊராச்சே, பார்த்துப் போ" என்று மதுரையில் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். சண்டை ஓய்ந்து இருபது வருஷம் ஆகிவிட்டது எனக்கே அங்கே போன பிறகுதான் உறைத்தது.

கடன் பிரிவில் வேலை. ஒருநாள் மகனுக்கு ஜாமீன் போட ஒரு பெரியவர் வந்தார். படிவத்தில் 'முந்தைய தொழில்' என்ற கட்டம் வந்ததும் பேனாவைத் தாளில் படாமல் ஒரு விரற்கடை மேலே பிடித்தபடி அப்படியே இருந்தார். கிளார்க் குனிந்து, "சார், இவர் எம்.என்.எஃப். காரர். ஆயுதம் ஏந்திக் காட்டில் இருந்தவர்" என்றார்.

அன்று கூட்டம் இல்லை. தேநீர் வரவழைத்தேன். 1959-இல் மூங்கில் பூத்து, எலி பெருகி, பஞ்சம் வந்ததிலிருந்து ஆரம்பித்தார். அப்போது மிஸோ மலைப்பகுதி அசாமில் இருந்தது; அசாம் அரசு கண்டுகொள்ளவில்லை. நிவாரணத்துக்கென்று தொடங்கிய அமைப்புதான் 1961-இல் மிஸோ தேசிய முன்னணியாகி (அதுதான் எம்.என்.எஃப்.), 1966 மார்ச்சில் தனிநாடு என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் இந்திய விமானப்படையே ஐஸால் மேல் குண்டு போட்டது. இதைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே கடைத்தெருப் பக்கம் கையைக் காட்டினார்.

பேச்சுவார்த்தை லேசில் முடியவில்லை. 1976-இல் உடன்பாடு வரை போய் முறிந்தது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைச் சந்திக்க முன்னணியின் தலைவர் லால்டெங்கா டெல்லியில் காத்திருந்தார். காலையிலேயே இந்திரா சுடப்பட்டார். அப்புறம் அரசு தரப்பில் நம் தமிழர், ராஜதந்திரி ஜி. பார்த்தசாரதி பேசினார். கடைசியில் 1986 ஜூன் 30 அன்று மத்திய உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதான் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றுதான் அவர் ஓய்வுபெறும் நாளும்.

எல்லோரும் லால்டெங்காவைச் சொல்வார்கள். எனக்கென்னவோ லால் தன்ஹாவ்லாதான் பெரிதாகத் தெரிகிறார். ஒப்பந்தத்துக்காக மிஸோரம் முதலமைச்சர் நாற்காலியை லால்டெங்காவுக்கு விட்டு இறங்கிய காங்கிரஸ்காரர். நம் ஊரில் வட்டச் செயலாளர் பதவியையே யாரும் விடுவதில்லை! 1997-இல் மிஸோரமின் சிறுபான்மைப் பழங்குடியான புரூ மக்கள் திரிபுராவுக்கு அகதிகளாய்ப் போனதைப் பெரியவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, படிவம்? "விவசாயம்னு போடலாமா?" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, 'அரசுப் பணி' என்று எழுதினார். கிளார்க் எட்டிப் பார்த்து, "எந்த அரசு?" என்று கேட்க, இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

பத்து நாளில் வட்டார அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரே கேள்வி: எந்தத் துறை?