வெளிநாட்டில் வாங்கிய அரபுக் குதிரையும் மூன்று பதிவகங்களும்

வெளிநாட்டில் குதிரை வாங்குகிறவர்கள் விமானம், குவாரன்டைன், ரத்தப் பரிசோதனை என்றுதான் கவலைப்படுகிறார்கள். அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். குதிரை லாயத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே போனது இனப்பதிவேட்டு மாற்றம்தான், அதாவது குதிரையின் வம்சாவளிப் பதிவை விற்றவர் நாட்டுப் பதிவகத்திலிருந்து நம் நாட்டுப் பதிவகத்துக்கு மாற்றுவது. அதைப் பற்றி விவரமாக யாரும் எழுதிக் கண்ணில் படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் வாங்கியது தூய அரபுப் பெண் குதிரை, வாங்கும்போதே சினை. விற்றவர் நல்ல மனிதர், அசல் பதிவுச் சான்றிதழை எனக்கே கூரியரில் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், உங்கள் நாட்டுப் பதிவகத்திலேயே ஒப்படைத்து ஏற்றுமதிச் சான்றிதழ் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அரபுக் குதிரைகளுக்கு வாஹோ என்ற உலக அமைப்பு இருக்கிறது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் பதிவகங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் விதிப்படி ஏற்றுமதிச் சான்றிதழ் ஒரு பதிவகத்திலிருந்து இன்னொரு பதிவகத்துக்கு நேராகப் போக வேண்டும். விற்றவர் கையிலோ வாங்கியவர் கையிலோ அது வரவே கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. இடையில் கை மாறாத காகிதத்தைத்தான் வாங்குகிறவர் நாட்டுப் பதிவகம் கேள்வி கேட்காமல் ஏற்கிறது, வம்சாவளி முழுக்க அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. பதிவேடுகள் ஒன்றையொன்று நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் கதையே சாட்சி. 1913-இல் வந்த, ஜெர்சி சட்டம் என்று அழைக்கப்பட்ட பதிவு விதியால் ஏராளமான அமெரிக்கக் குதிரைகளுக்கு பிரிட்டனின் தரோபிரெட் பதிவேடான ஜெனரல் ஸ்டட் புக்கில் இடம் கிடைக்கவில்லை. 1949 வரை அதே நிலைமை.

சரி, சான்றிதழ் வந்தது. அடுத்து அடையாளச் சோதனை. கால்நடை மருத்துவர் வந்து ஸ்கேனரைக் கழுத்தின் இடப்பக்கம் வைத்தார், மைக்ரோசிப்பின் 15 இலக்கமும் காகிதத்தோடு ஒத்துப்போனது. சிக்கல், பதிவோடு இருக்கும் அடையாளப் படத்தில்தான். பிறந்த வருடம் போட்ட படத்தில் குதிரை செந்நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, வலது பின்காலில் வெள்ளை. என் முன்னால் நிற்பதோ ஏறக்குறைய முழு வெள்ளைக் குதிரை. சாம்பல் மரபணு உள்ள குதிரை எந்த நிறத்தில் பிறந்தாலும் வருடம் போகப் போக வெளுத்துவிடும் என்பது குதிரை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஆனால் படத்தையும் குதிரையையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு அந்த விளக்கம் மட்டும் போதாதே. மருத்துவர் ஈரத் துணியால் நெற்றியை நன்றாக நனைத்தார். முடி படிந்ததும் அடியில் கறுப்புத் தோல் தெரிந்தது, அதன் நடுவில் பொட்டு இருந்த இடம் மட்டும் ரோஜா நிறத்தில், படத்தில் வரைந்திருந்த அதே கோணல் வடிவத்தில் இருந்தது. காலிலும் அப்படியே. அப்புறம் சுழிகள். நிறம் மாறினாலும் சுழி இடம் மாறாது. நெற்றியில் ஒன்று, கழுத்தில் பிடரியை ஒட்டி இரண்டு என்று கறுப்புப் பெருக்கல் குறி போட்டிருந்த ஒவ்வோர் இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தன. புதுப் படம் வரைந்து, பழையதன் நகலோடு சேர்த்து அனுப்பினார்.

டிஎன்ஏவுக்குப் பிடரி முடியை வேரோடு பிடுங்கி அனுப்ப வேண்டும். கத்தரித்தால் பயனில்லை, ஆய்வகத்துக்கு வேண்டியது வேர்தான். இங்கே எடுத்த முடிவையும் அங்கே ஏற்கனவே இருந்த முடிவையும் இரு ஆய்வகங்களும் ஒப்பிட்டுக்கொண்டன. ஏஹெச்டி4, விஹெச்எல்20 என்று டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களை எல்லா நாடுகளிலும் ஒரே பெயரில் எழுதுவதால் அந்த வேலை சட்டென்று முடிந்தது.

உண்மையான இழுபறி வயிற்றிலிருந்த குட்டிக்காகத்தான். அரபுக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி உண்டு (தரோபிரெட்டில் கிடையாது). என் குதிரைக்குச் செலுத்திய உறைவிந்து மூன்றாவது நாடு ஒன்றிலிருந்த பொலிக்குதிரையுடையது. ஆக குட்டியைப் பதிவு செய்ய அந்தப் பொலிக்குதிரையின் டிஎன்ஏ விவரம் அங்கிருந்து வர வேண்டும், கருவூட்டல் சான்றிதழ் விற்றவரின் நாட்டுப் பதிவகம் வழியாக வர வேண்டும். மூன்றாவது பதிவகத்துக்கு நான் எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. கோபமாகத்தான் இருந்தது. இங்குள்ள பதிவகத்தின் செயலாளர் அம்மாவிடம் சொன்னபோது, "நீங்க எழுதாதீங்க, நான் எழுதறேன். அவங்க உரிமையாளருக்குப் பதில் சொல்ல மாட்டாங்க, பதிவகத்துக்குச் சொல்வாங்க" என்றார். அதேபோல் நடந்தது. அந்த அம்மாவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

வாங்கப்போகிறவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குட்டி உங்கள் லாயத்தில் பிறந்தாலும் அதன் வளர்ப்பாளராக (பிரீடர், இனவிருத்தி செய்தவர்) பதிவில் வருவது கருவூட்டலின்போது தாயின் உரிமையாளராக இருந்தவர்தான். தரோபிரெட்டில் குட்டி பிறக்கும்போது யார் உரிமையாளரோ அவர். இரண்டையும் குழப்பிக்கொண்டு விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று, இறக்குமதிக் குதிரையின் பதிவுப் பெயரை மாற்ற முடியாது, வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

சினைக் குதிரை என்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே பொலிக்குதிரையின் டிஎன்ஏ கோப்பில் இருக்கிறதா என்று உங்கள் பதிவகம் மூலமாகவே கேட்டுவிடுங்கள். குட்டி பிறந்ததும் அதன் கண்ணைச் சுற்றி நரைத்த முடி தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் குட்டியும் செந்நிறமாகத்தான் பிறந்தது, கண்ணோரம் நரை இருந்ததால் படிவத்தில் சாம்பல் என்றே எழுதச் சொன்னேன்.